மூலம் எங்கே? – ஆய்வு மோசடியும் அதனை எதிர்கொள்ளும் வழிகளும்

முன்னுரை

ஆய்வு என்பது நம்பிக்கையின் அடிப்படையில் நடைபெறும் பணியாகும். ஒரு சுவடியைக் கண்டதாக ஆய்வாளர் எழுதினால் அவர் கண்டார் என்றே கொள்கிறோம்; நூறு ஆசிரியர்களை வினவியதாக எழுதினால் வினவினார் என்றே கொள்கிறோம். இந்நம்பிக்கை இல்லையேல் ஒவ்வொருவரும் அனைத்தையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். எனினும் மோசடி நுழைவதும் இதே வாயில் வழியாகத்தான். ஆய்வு மோசடி எவ்வாறு நிலைபெறுகின்றது, தமிழாய்வில் அதனை எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பனவற்றைச் சில நிகழ்வுகளின் வழி விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

ஆய்வு மோசடியை மூவகையாகப் பகுப்பது உலக வழக்கு. இல்லாத தரவை உருவாக்குவது புனைதல். உள்ள தரவை மாற்றுவது திரித்தல். பிறர் எழுத்தையோ கருத்தையோ தமதாகக் காட்டுவது கருத்துத்திருட்டு. மோசடி என்றதும் நமக்கு மூன்றாவதே நினைவுக்கு வருகின்றது. ஆனால் முதலிரண்டும் கண்டறிவதற்கு அதனினும் அரியவை.

தமிழில் ஒரு சான்று

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களைத் தொகுத்துரைக்கும் பழைய வெண்பாவின் பாடவேறுபாட்டால், பதினெட்டாவது நூல் எது என்பதில் நெடுங்காலம் ஐயம் நிலவியது. இந்நிலையில் 1917ஆம் ஆண்டு வ. உ. சிதம்பரம் பிள்ளை 'இன்னிலை' என்னும் நூலை உரையுடன் பதிப்பித்தார். பின்னர் 1931இல் இ. வை. அனந்தராமையர் 'கைந்நிலை'யைப் பதிப்பித்தார். கைந்நிலையே கீழ்க்கணக்கைச் சேர்ந்தது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிபாகும். இன்னிலை பிற்காலத்தார் புனைந்து பழநூல் எனக் கொடுத்த ஒன்று என மு. அருணாசலம் முதலிய அறிஞர்கள் கருதினர்.

இங்கு வ. உ. சி. ஏமாற்றியவர் அல்லர், நல்லெண்ணத்துடன் நம்பியவர். தமிழ்ப்பற்றும் உழைப்பும் மிக்க ஒருவரையே புனைவு எளிதில் வழியாக்கிக் கொண்டது என்பது எண்ணத்தக்கது. அந்நூல் இன்றும் கீழ்க்கணக்குத் தொகுதிகள் சிலவற்றில் இடம்பெறுகின்றது. ஒருமுறை அச்சேறிய பிழை மறுப்புக்குப் பின்னரும் வாழும் என்பதற்கு இதுவே சான்று.

இமயமலைப் புதைபடிவங்கள்

சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் பேராசிரியர் வி. ஜே. குப்தா, ஏறத்தாழ 25 ஆண்டுகளில் 300க்கும் மேற்பட்ட கட்டுரைகளை வெளியிட்டவர். இமயமலைப் பகுதியில் கண்டெடுத்தவை என அவர் குறிப்பிட்ட புதைபடிவங்கள் பல, மொராக்கோவிலும் நியூயார்க் மாநிலத்திலும் கிடைப்பனவற்றை ஒத்திருந்தன. ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் டேலன்ட் 1989இல் 'நேச்சர்' இதழில் இதனை வெளிப்படுத்தினார்.

குப்தாவின் கட்டுரைகளில் அயல்நாட்டு அறிஞர் பலர் இணையாசிரியர்களாக இருந்தனர். அவர்கள் தம்மிடம் அனுப்பப்பட்ட படிவத்தை இனங்கண்டு எழுதினரேயன்றி, அது கிடைத்த இடத்தைச் சென்று காணவில்லை. விசாரணையில் குற்றம் உறுதிப்பட்ட பின்னரும் குப்தா பணியில் நீடித்து 2002இல் ஓய்வு பெற்றார். தனியொருவர் செய்த தவற்றைவிட, நிறுவனம் காட்டிய இத்தயக்கமே இளம் ஆய்வாளர்களுக்குத் தவறான பாடமாக அமைந்தது எனலாம்.

நம் நாட்டிலும் 2016இல், மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலரின் உயிர்மருத்துவக் கட்டுரைகளில் ஒரே உயிரணுப் படம் வெவ்வேறு சோதனைகளின் முடிவாகத் திரும்பத் திரும்ப இடம்பெற்றமை வெளிப்பட்டது. பல்கலைக்கழகம் விசாரணை நடத்தித் தவறு நிகழ்ந்ததை ஒப்புக்கொண்டது. படங்கள் அச்சில் இருந்தமையால்தான் வாசகர்கள் அவற்றை ஒப்பிட்டுக் காண முடிந்தது.

விழுக்காடு போதுமா?

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிகள் கருத்துத்திருட்டை ஒப்புமை விழுக்காட்டால் அளக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனையில்லை. 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் ஆய்வாளரின் பதிவு நீக்கப்படும். நம் பல்கலைக்கழகங்களிலும் ஒப்புமை அறிக்கை வழக்கமாகிவிட்டது. இது பயனுடையதே. ஆயினும் முற்றிலும் புனையப்பட்ட வினாநிரல் விடைகளை இவ்வறிக்கை காட்டாது. ஆங்கில நூற்பகுதியைத் தமிழாக்கித் தமதாகத் தருவதும் பெரும்பாலும் தப்பிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் எனது மேற்பார்வையில் இருந்த முதுகலை மாணவி ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் 60 பேரிடம் திரட்டிய தரவின் பகுப்பாய்வைக் கொண்டுவந்தார். ஒப்புமை அறிக்கையில் குறையேதும் இல்லை. முடிவுகள் மிகச் சீராக இருந்தமையால் வினாநிரல்களைக் கேட்டேன். பெரும்பாலானவை ஒரே கையெழுத்தில் இருந்தன. அனுமதிக் கடிதம் தாமதமானதால் 18 படிவங்களே திரும்பின என்றும், ஒப்படைக்கும் நாள் நெருங்கியதால் எஞ்சியவற்றைத் தாமே நிரப்பியதாகவும் அவர் அழுதவாறு கூறினார். ஓராண்டுக்கும் மேலாக ஒரு படிவத்தையேனும் நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. துறைக்கு அறிவித்து, புனைந்தவற்றை நீக்கி, தலைப்பைச் சுருக்கி, ஒரு பருவம் தாமதமாக அவ்வாய்வு நிறைவுற்றது.

நான் அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டபொழுது, என் மேற்பார்வையாளர் எழுதிய இயலைக் காண்பதற்கு முன் களக்குறிப்பேட்டைக் கேட்பார். அதனை அன்று ஐயப்பாடு எனக் கருதி வருந்தினேன். அது ஐயப்பாடன்று, பயிற்சி என்பதை மேற்பார்வையாளரான பின்னரே உணர்ந்தேன்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, மூலத்தைக் காட்டுவதும் கேட்பதும் இயல்பான நடைமுறையாக வேண்டும். ஒலிப்பதிவு, வினாநிரல், சுவடிப்படம் ஆகியவற்றை மேற்பார்வையாளர் திங்கள்தோறும் காணுதல் வேண்டும். அனைவரிடமும் கேட்கப்படும் பொழுது எவரும் இழிவாகக் கருதார்.

இரண்டாவதாக, தகவலாளரின் அந்தரங்கம் காக்கப்பட்ட வகையில் மூலத்தரவு ஆய்வேட்டுடன் நூலகத்தில் வைக்கப்பட வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது முதல், சுவடிகள் கிடைத்த இடங்களையும் பாடபேதங்களையும் பதிவுசெய்து வந்தார். பின்வருவோர் சரிபார்ப்பதற்கு இடமளித்த நெறி இது, நமக்குப் புதியதன்று.

மூன்றாவதாக, இதழ்கள் திருத்தத்தையும் மீளப்பெறுதலையும் மறைக்காது அச்சிட வேண்டும்.

நான்காவதாக, புகார்களைத் துறைக்கு வெளியிலுள்ள குழு உரிய காலத்திற்குள் விசாரிக்க வேண்டும். புகார் கூறுபவர், பெரும்பாலும் இளையவர், காக்கப்பட வேண்டும். நேர்மையான பிழையும் மோசடியும் வேறு என்பதும் மறக்கப்படலாகாது.

ஐந்தாவதாக, பதவி உயர்வுக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் சிறந்தவை சிலவற்றைப் படித்து மதிப்பிடும் முறை வர வேண்டும். எண்ணிக்கை நெருக்கடி புனைவுக்குத் தூண்டுகோலாகின்றது.

முடிவுரை

தமிழாய்வுலகம் சிறியது. ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருப்பதால் வினவத் தயங்குகிறோம்; வினவுவதை அவமதிப்பாகவும் கருதுகிறோம். ஆயினும் நம் ஆய்வேடுகளின் முடிவுகள் தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்குச் செல்கின்றன, பாடநூலாகின்றன. அவற்றுள் புனைவு கலந்தால் அதன் விளைவை ஏற்பவர்கள் குழந்தைகளே. ஆகவே, மாணவர் அடுத்த இயலைக் கொண்டுவரும் பொழுது, அவ்வியலுக்குரிய மூலத்தையும் உடன் கொண்டுவருமாறு கேட்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.