வலம்புரி வாங்கும் முன் வாய்க்குள் பாருங்கள்

ஆடி அமாவாசைக்குப் பரளச்சிப் பக்கத்திலிருந்து ராமேஸ்வரம், சேதுக்கரை என்று வேன் பிடித்துப் போகிறவர்கள் பலர் திரும்பும்போது பையில் ஒரு சங்கு இருக்கும். அதில் தப்பில்லை. பூஜைக்கு வைக்கும் சாதாரண வெண்சங்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இல்லை. ‘வலம்புரி’ என்று சொல்லி ஆயிரம், லட்சம் என்று விலை ஏற்றும்போதுதான் வில்லங்கம்.

சங்கு ஒரு கடல் நத்தையின் ஓடு. நத்தை மன்னார் வளைகுடாவின் மணல் தரையில் ஊர்ந்து புழுக்களைத் தின்று வாழ்கிறது. உயிரோடு இருக்கையில் ஓட்டின்மேல் பழுப்புத் தோல் மூடியிருக்கும். அதைச் சுரண்டி மெருகேற்றிய பிறகுதான் கடையில் பார்க்கும் வெள்ளை. ஆட்டுக் கொம்பு மாதிரி முறுக்கிய கூட்டில் முட்டையிடும். குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தூரம் போவதில்லை, கூட்டிலிருந்து ஊர்ந்தே வெளிவரும். ஆகவே ஓரிடத்தில் ஒட்ட அள்ளிவிட்டால் அங்கே மறுபடி பெருக வெகுகாலம் பிடிக்கும்.

இனி வலம்புரி. கூர்வால் மேலே, சுழி கீழே, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். திறப்பு இடப்பக்கம் இருந்தால் சாதாரணச் சங்கு. வலப்பக்கம் இருந்தால் வலம்புரி. அது பிறவியிலேயே மிக அபூர்வமாக அமைவது. ஆனால் இது மட்டும் போதாது. மெக்சிகோ வளைகுடாப் பக்கம் வாழும் வேறொரு நத்தைக்கு இயல்பாகவே திறப்பு அந்தப் பக்கம்தான். அதைத்தான் பலர் தலையில் கட்டுகிறார்கள். வாய்க்குள் விரல் விட்டு நடுத்தண்டைத் தடவுங்கள். நம் கடல் சங்கென்றால் மூன்று நான்கு வரிமேடுகள் நெருடும். அந்நியச் சரக்கு வழவழவென்றிருக்கும். காதில் வைத்தால் ‘ஓம்’ கேட்கும் என்பார்கள். வெறும் செம்பை வைத்தாலும் கேட்கும்.

பில்லில் ‘வலம்புரி’ என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம். ஏமாந்துவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கெடு 2 ஆண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தடித்த கொம்புத் தலைக்கவசச் சங்கு, ட்ரைட்டன் சங்கு போன்றவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. அவற்றை வாங்கி விற்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். கடைக்காரர் தந்த பில் அங்கே காப்பாற்றாது. 1986-ல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து எதையும் எடுத்துவரவும் கூடாது.

கமுதி, சாயல்குடி தாண்டிக் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்க: கூம்பு வடிவில், அழகான கோலத்தோடு கிடக்கும் உயிருள்ள சங்கைக் கையில் எடுக்க விடாதீர்கள். ஊசி போன்ற பல்லால் விஷம் ஏற்றும்; சில வகைகள் ஆளையே கொல்லும். இதற்கு மாற்று மருந்து இல்லை. குத்திவிட்டால் கீறவோ உறிஞ்சவோ வேண்டாம். கையை அசைக்காமல் வைத்து 108-க்கு அழையுங்கள்.