கலாவின் மகள்

‘எம்.ஐ.ஏ.’ என்ற பெயரை எம்மில் அநேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். வெளிநாட்டுப் பாட்டுக் கேட்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், உடனே சொல்லுவார்கள். உலகத்தின் பெரிய மேடைகளில் ஆங்கிலத்தில் ராப் பாடும் பெண் அவர். முழுப்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கேயே நடந்து, இங்கேயே எழுத்துப் படித்து, 1986இல் பதினொரு வயது நிரம்புவதற்கு முன் அகதியாக மீண்டும் லண்டன் போனவர். திருக்குடும்பக் கன்னியர் மடத்திலும் படித்திருக்கிறார்.

அந்த மூன்று எழுத்துக்களின் பொருளை முதலிற் சொல்லிவிட வேண்டும். இராணுவங்கள் தமது பதிவேட்டில் எழுதுகின்ற ‘போரில் காணாமற் போனவர்’ என்பதன் சுருக்கம் அது. லண்டனில் அவர் இருந்த அக்ரன் என்ற ஊரின் பெயரும் அதனுள் ஒளிந்திருக்கிறது. யுத்தத்தில் காணாமற் போன, தன் வயதையொத்த உறவினர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி வீதியோரத்தில் குந்திய தாய்மாரை நினைத்துக்கொண்டு இந்தப் பெயரை வாசியுங்கள். ஒரு பாட்டுக்காரிக்கு இப்படியும் பெயர் இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் அவரின் பாட்டைத் தேடத் தொடங்கினேன்.

தகப்பனின் பெயரை மூத்தவர்கள் அறிந்திருப்பீர்கள். ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருளர். 1977 கலவரத்தில் அகப்பட்டவர்களைக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ஏற்றிவந்த கப்பலை வைத்து ‘லங்கா ராணி’ என்ற நாவலை எழுதியவரும் அவரே. பிள்ளைகள் அவரைக் கண்டது அருமை. வீட்டுக்கு வந்தாலும் உறவினர் என்று சொல்லியே பிள்ளைகளுக்கு அறிமுகமானாராம். மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் திரும்ப யாழ்ப்பாணத்துக்கும் லண்டனுக்கும் அலைந்தவர் தாய் கலா. லண்டனில் அவர் செய்த தொழில் தையல்.

2005இல் மாதங்கியின் முதலாவது அல்பம் வெளிவந்தபோது அதற்கு ‘அருளர்’ என்று பெயர் வைத்தார். எங்கேயோ இருக்கிற தகப்பன் இணையத்தில் தன் பெயரைத் தேடினால் மகளின் பாட்டு வந்து நிற்கட்டும் என்பது எண்ணம். அது நடந்தது. பெருமையாக இருக்கிறது, ஆனால் பெயரை மாற்று என்று தகப்பனிடமிருந்து மின்னஞ்சல் வந்ததாக அவரே பேட்டிகளிற் சொல்லியிருக்கிறார். பெயரை அவர் மாற்றவில்லை. அருளர் 2019 டிசம்பரில் காலமானார்.

2007இல் வந்த இரண்டாவது அல்பத்தின் பெயர் ‘கலா’. என்னைப் பிடித்துக்கொண்டது அதுதான். அமெரிக்கா போக விசா கிடைப்பதில் இழுபறி ஏற்பட்டதால் அவர் இந்தியா, ரிறினிடாட், லைபீரியா, அவுஸ்திரேலியா என்று அலைந்து அதைப் பதிவுசெய்தார். சென்னைக்கு வந்து உறுமி மேளக்காரரை வைத்து அடித்திருக்கிறார். உறுமி எங்கள் பக்கத்தை விட மலையகத்தாருக்கு நெருக்கமான வாத்தியம். எமக்குப் பறையும் தவிலும் உடுக்கும். ஆயினும் ‘பேர்ட் புளூ’ என்ற பாட்டில் அது விழுகிற இடத்தைக் கேட்டால், அம்மன் கோவில் வேள்விக்கு ஊரெல்லாம் கூடிநிற்பது போல இருக்கும். ஆங்கிலம் விளங்காவிட்டாலும் குறைவில்லை. முதலாவது அல்பம் தகப்பனின் அரசியல், இரண்டாவது தாயின் பாடு, அதாவது வேலைக்கும் போய்ப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு கொடுத்து அவர்களுக்கு அறிவையும் கொடுப்பது எப்படி என்ற பாடு என்று மாதங்கி விளக்கியிருக்கிறார். ராப் பாட்டுக்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் அக்கா வீட்டுக்கு லண்டன் போயிருந்த சமயம், அக்காவின் மகள் மாதங்கியின் நிகழ்ச்சிக்கு இரண்டு ரிக்கற் எடுத்துவிட்டாள். அக்கா முகத்தைச் சுளித்தா. “உனக்கென்ன விசரே, இந்த வயதிலை?” என்றா. என்னுடைய நிலைமை தெரிந்தவர்கள் யாராவது கண்டால் என்ன சொல்லுவார்கள் என்பதுதான் அவவின் பயம். புருசனைப் பறிகொடுத்தவள் கச்சேரிக்குப் போகலாமோ? கோவிலிற் பண்ணிசை என்றால் போகலாம், பிள்ளையின் பள்ளிக்கூட விழா என்றாலும் போகலாம். இராத்திரி எட்டு மணிக்குப் பொம்பிளை துள்ளிப் பாடுகிற இடத்துக்குப் போகக்கூடாது. இதை எழுதி வைத்த சட்டப் புத்தகம் ஒன்றுமில்லை. ஆனாலும் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். நான் நல்ல சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு போனேன்.

கதிரை இல்லை. ஆயிரக்கணக்கில் சனம் நின்றபடி. முதலில் ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டியிருந்தது, கால் கடுத்துப் போயிற்று. ஆபிரிக்கப் பிள்ளைகள், வெள்ளைக்காரப் பிள்ளைகள், வங்காளிப் பிள்ளைகள், இடையிடையே எங்கடை முகங்கள். பொட்டு வைத்துக் கிழிந்த காற்சட்டை போட்ட ஒரு பிள்ளை என்னைக் கண்டு “அன்ரி, நீங்கள் ஊரோ?” என்று கேட்டாள். சத்தம் தொடங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ளே நின்று இடிக்கும். நல்லூர்த் திருவிழாவில் தவில்காரருக்குக் கிட்ட நின்று கேட்டிருப்பீர்கள். அதைப் பத்து மடங்காக்கினால் ஒருவேளை வரும். மேடையில் மாதங்கி நின்ற இடத்தில் நிற்கவில்லை. குரல் பெரிய குரல் அல்ல. இனிமையான குரல் என்றும் சொல்ல மாட்டேன். வாய்க்காரப் பெட்டை ஒருத்தி கிணற்றடியில் நின்று ஊருக்கே கேட்கப் பேசுவது போன்ற குரல். அது எனக்குப் பிடித்தது.

கடைசியாக ‘பேப்பர் பிளேன்ஸ்’ வந்தது. உலகம் முழுக்க அவரைக் கொண்டுபோன பாட்டு அதுதான். அதன் நடுவில் துப்பாக்கிச் சத்தம் வரும், பிறகு கடையிற் காசுப்பெட்டி திறக்கிற சத்தம் வரும். கேட்டுப் பழகிய பாட்டு, எந்த இடத்தில் வரும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அந்த ஒலிபெருக்கியில் அது வெடித்தபோது என் முழங்கால் தானாக மடிந்தது. கை பக்கத்திற் பிள்ளையைத் தேடியது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் விரலைத் துவக்குப் போலப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, மேலே சுட்டார்கள். அக்காவின் மகள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். பாட்டு முடியும்வரை அப்படியே நின்றோம்.

வெளிநாடு போகிறவர்களைக் கொள்ளைக்காரராகவும் பயங்கரவாதிகளாகவும் பார்க்கிற மனிதரைக் கேலிசெய்கிற பாட்டு அது என்று மாதங்கி பலமுறை விளக்கியிருக்கிறார். ஏற்றுக்கொள்கிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சி அந்தச் சூட்டுச் சத்தத்தை வெட்டியபோது அவர் கோபப்பட்டதும் நியாயமே. உண்மையான சூடு எங்கேயோ நடக்கும்போது பேசாதவர்கள் பாட்டிலுள்ள சூட்டுக்குப் பயப்படுவது வேடிக்கைதான். ஆனால் கேலியை விளங்குவது மூளை. முழங்காலுக்குக் கேலி விளங்காது. வீட்டில் கேட்கும்போது அந்தப் பாட்டைத் தாண்டிவிடுவேன். முள்ளிவாய்க்கால் கண்ட சகோதரிகள் யாராவது இதை வாசித்துவிட்டுக் கேட்கப் போனால், இந்த ஒரு பாட்டை விட்டுவிட்டுக் கேளுங்கள்.

அதே பாட்டு அவரைக் கிராமி மேடைக்குக் கொண்டுபோனது. 2009 பெப்ரவரி 8ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த விழாவில், நிறைமாதக் கர்ப்பிணியாக, அமெரிக்காவின் பேர்போன ராப் பாடகர்கள் நால்வரோடு மேடையேறிப் பாடினார். குழந்தை பிறக்க வைத்தியர் குறித்த திகதியும் அதே நாள்தான். சில நாட்களில் ஆண் குழந்தை பிறந்தது. அந்த நாட்களில் நாங்கள் எங்கே நின்றோம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மீது திரும்பத் திரும்ப எறிகணை விழுந்து, காயக்காரரைப் புதுமாத்தளனுக்கு மாற்றிய வாரம் அது. அங்கேயும் நிறைமாதக்காரிகள் இருந்தார்கள்.

மாதங்கி அதை மறந்து பாடினார் என்று சொல்லமுடியாது. அதற்கு முந்தின மாதமே அமெரிக்கத் தொலைக்காட்சியில் வன்னியில் நடப்பதைச் சொன்னார். பயங்கரவாதத்துக்கு ஆதரவானவர் என்ற பட்டம் அதற்குக் கிடைத்தது. ‘வெளியில் இருந்துகொண்டு எங்கடை துன்பத்தை வித்துச் சாப்பிடுகிறா’ என்று இங்கே சொல்வோரையும் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டப் போவதில்லை. பேசத் தெரிந்த அளவுக்கு யோசித்துப் பேசுகிறவர் அல்லர் அவர். 2012இல் அமெரிக்காவின் பெரிய உதைபந்தாட்ட மேடையில் நடுவிரலைக் காட்டி வழக்கில் மாட்டிக்கொண்டதெல்லாம் தேவையில்லாத வேலை. ஆனால் அந்தப் பெப்ரவரியில் அந்த அளவு சனம் பார்க்கிற இடத்தில் எங்கள் பெயரைச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களே கூடிப்போகும்.

தையல் மெஷின் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இனிச் சொல்வது. 2019இல் பிரித்தானிய மகாராணியின் விருதுப் பட்டியலில் மாதங்கிக்கு எம்.பி.ஈ. என்ற பட்டம் அறிவிக்கப்பட்டது. வாங்குவதோ விடுவதோ என்ற வாதம் எழுந்தபோது, தாய்க்காக வாங்குகிறேன் என்றார். காரணம் இதுதான்: 1986இல் லண்டன் போன தாய் கலா, உறவினரான ஒரு பெண்ணோடு சேர்ந்து, அந்த மகாராணி கொடுக்கிற பதக்கங்களின் நாடாவைக் கையால் தைக்கிற வேலையைச் செய்துவந்தார். ஆயிரக்கணக்கிற் தைத்தவர். யார் யாருக்கோ குத்தப்பட்ட பதக்கங்கள். அவற்றில் ஒன்று மகளின் நெஞ்சுக்கு வந்தது.

எங்கள் தையல் வகுப்பில் இதைச் சொன்னபோது மெஷின்கள் நின்றுவிட்டன. ஒரு அக்கா, 2009இற்குப் பிறகு வீட்டில் றேடியோ போடாதவ, “ஒரு நாடாவுக்கு எவ்வளவு குடுப்பினம்?” என்று கேட்டா. எனக்குத் தெரியவில்லை. ‘கலா’வில் இருந்து ஒரு பாட்டைக் கைத்தொலைபேசியிற் போட்டேன். மேளம் வந்ததும் இரண்டு பேர் காலால் தாளம் போட்டார்கள், அந்த அக்காவும் ஒருவ. 1990இன் பின் மின்சாரமில்லாத காலத்தில், பற்றறிக்கும் தடையிருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவில் பாட்டுக் கேட்ட கதையைப் பிறகு அவவே தொடங்கினா. மிதிக்கிற தம்பி களைத்தால் பாட்டும் இழுபடுமாம். அன்றைக்கு வகுப்பில் தைத்தது குறைவு.

அவரின் ஆறாவது அல்பமான ‘மாதா’ 2022 ஒக்ரோபர் 14இல் வெளிவந்தது. நாடு பொருளாதார நெருக்கடியிற் கிடந்து, கரண்ட் நேரம் பார்த்துச் சோறு வடித்த வருடம் அது. போனைச் சார்ச் பண்ணி வைத்துக்கொண்டு, விளக்கைக் கொளுத்திவிட்டுக் கேட்டேன். 13 பாட்டுக்கள், அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. மாதா என்றால் தாய். எங்கள் ஊரில் மாதா என்றால் மடு மாதாவும்தான். அந்த வருடம் அவர், தனக்கு இயேசுவின் காட்சி கிடைத்ததாகவும் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வந்ததாகவும் சொல்லியிருந்தார். 2013இல் மாதங்கி அம்மனின் பெயரில் அல்பம் போட்டவர் இப்படி மாறியதில் அவரின் இரசிகர் பலருக்கு மனத்தாங்கல். கோவிலுக்கும் போய் மடுவுக்கும் போகிற எங்களுக்கு இதில் ஆச்சரியப்பட அதிகம் இல்லை.

பாட்டைச் சொல்வதானால், ‘கலா’வுக்குக் கிட்ட இது வராது. சில பாட்டுக்கள் தொடங்க முன் முடிந்துவிடுகின்றன. ‘புத்தி’ என்று தமிழிலேயே பெயர் வைத்த ஒரு பாட்டு உண்டு, அதை இரண்டு மூன்று தரம் போட்டேன். கடைசிப் பாட்டான ‘மரிகோல்ட்’ அமைதியானது. உலகத்துக்கு ஓர் அற்புதம் தேவை என்று கேட்கிற பாட்டு. அந்தப் பெயர் செவ்வந்தி இனத்துப் பூவைக் குறிக்கும். துவக்குச் சத்தம் இல்லை. நித்திரைக்கு முன் கேட்கலாம்.

அவரைப் பற்றிய விபரணப் படம் ஒன்று 2018இல் வந்து அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவில் பரிசு பெற்றது. கல்லூரித் தோழர் ஸ்ரீவ் லவ்றிஜ் செய்தது. மாதங்கி இளவயதிலிருந்து தானே எடுத்துவைத்த வீடியோக்களே அதில் பெரும்பகுதி. 2001இல் கமராவோடு ஊருக்கு வந்து உறவுகளோடு இருந்த காட்சிகளுக்காகவே பார்க்கலாம். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

அந்தத் தையல் வகுப்பு அக்கா போன கிழமை மீண்டும் கேட்டா: “அந்தத் தாய் இப்பவும் தைக்கிறாவோ?”