ஒரு மெஷின், ஒரு ஜாப் நம்பர்

கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனிகள் ஏராளம். அந்தப் பம்ப்பின் பாடியில் ஒரே மூச்சில் பல துளைகள் போட்டு மரையும் வெட்டும் மெஷினைச் செய்துகொடுக்கும் பட்டறைகளும் அதே ஊரில்தான் இருக்கின்றன. ஸ்பெஷல் பர்ப்பஸ் மெஷின், சுருக்கமாக எஸ்.பி.எம். பம்ப் கம்பெனிக்கு அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறோம் என்பது இன்றே தெரியும். எஸ்.பி.எம். பட்டறையின் நிலை வேறு. விலை பேசி, டெலிவரி தேதி ஒப்புக்கொண்டு, அட்வான்ஸ் வாங்கும் நாளில் அந்த மெஷினுக்கு முழு டிராயிங் இருக்காது. ஏறக்குறைய அதே மாதிரி ஒன்றை முன்பு செய்திருப்பார்கள். அதை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இப்படிப்பட்ட பட்டறைகள் ஈ.ஆர்.பி. மென்பொருள் வாங்கிவிட்டுச் சில மாதங்களில் எக்ஸெல் தாளுக்கே திரும்பிவிடுவது உண்டு. ஆட்கள் பழகவில்லை என்று காரணம் சொல்லப்படும். என் பார்வையில் காரணம் அதைவிட ஆழமானது. இந்த மென்பொருள்களுக்கெல்லாம் வேர், எம்.ஆர்.பி. எனப்படும் பொருள் தேவைக் கணக்கு. ஐ.பி.எம்.மில் இருந்த ஜோசப் ஓர்லிக்கியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த முறையை 1964இல் முதலில் கையாண்டது, கை டிரில் செய்யும் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி. எத்தனை டிரில் வேண்டும் என்று சொன்னால், ஒரு டிரில்லுக்கான பாகப் பட்டியலைக் கொண்டு பெருக்கி, ஸ்டோர்ஸில் இருப்பதைக் கழித்து, எதை எந்தத் தேதியில் ஆர்டர் போட வேண்டும் என்று அது பின்னோக்கிக் கணக்கிடும். அருமையான கணக்குதான். ஆனால் பாகப் பட்டியல், அதாவது பி.ஓ.எம்., முதலிலேயே முழுமையாகக் கையில் இருந்தால்தான் அது ஓடும். எஸ்.பி.எம். வேலையில் பி.ஓ.எம். முழுமை பெறுவது பெரும்பாலும் மெஷின் லாரி ஏறும் வாரத்தில்.

எனவே இங்கே கணக்கின் அச்சை மாற்ற வேண்டும். ஐட்டத்தை நடுவில் வைக்காமல் ஆர்டரை நடுவில் வைக்க வேண்டும். கஸ்டமரின் பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பி.ஓ., வந்ததும் ஒரு ஜாப் நம்பர் போடுங்கள். அதன்பின் பட்டறையில் அந்த மெஷினுக்காக நடக்கும் ஒவ்வொன்றும் அந்த எண்ணைத் தாங்க வேண்டும்: ஸ்டோர்ஸ் இண்டென்ட், பர்ச்சேஸ் ஆர்டர், வெளியே போகும் சலான், ஃபிட்டரின் நேரம், கமிஷனிங்குக்குப் போனவரின் பஸ் டிக்கெட் வரைக்கும். மும்பையில் உருவான, மூல நிரலோடு இலவசமாகக் கிடைக்கும் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்டில் இதற்கு ‘பிராஜெக்ட்’ என்ற கட்டம் இருக்கிறது. பெல்ஜியத்தின் ஓடூவில் அனலிட்டிக் அக்கவுண்ட். டாலி மட்டுமே வைத்திருப்பவர்கூட காஸ்ட் சென்டரை ஜாப் நம்பராக்கிப் பாதி தூரம் போய்விடலாம். எந்த மென்பொருள் என்பதைவிட, இந்த எண் இல்லாமல் ஒரு சீட்டும் நகராது என்ற கட்டுப்பாடு முக்கியம்.

அடுத்தது பி.ஓ.எம்.மைத் துண்டுகளாகத் திறப்பது. மெஷினை பெட், ஸ்பிண்டில் ஹெட், ஃபிக்சர், ஹைட்ராலிக்ஸ், எலக்ட்ரிகல் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி பி.ஓ.எம். வையுங்கள். ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்டில் சப்மிட் செய்த பி.ஓ.எம்.மைத் திருத்த முடியாது, புதிய பதிப்புதான் போட வேண்டும். மெஷின் முழுவதையும் ஒரே பட்டியலில் அடைத்துவிட்டால் ஒரு போல்ட் மாறினாலும் எல்லாம் நிற்கும். பிரித்து வைத்தால் பெட் காஸ்டிங் ஃபவுண்டரிக்குப் போன பிறகும் ஃபிக்சர் டிசைனரின் மேசையிலேயே இருக்கலாம். பழைய மெஷினின் பி.ஓ.எம்.மை எடுத்தாள்வது நல்லதுதான். ஆனால் நகல் எடுத்துத் திருத்துங்கள். மூலத்தில் கை வைத்தால், முன்பு விற்ற மெஷினுக்கு ஸ்பேர் கேட்டுப் போன் வரும் நாளில் எந்தப் பாகம் போனது என்று யாருக்கும் தெரியாது.

சர்வோ மோட்டார், பி.எல்.சி., லீனியர் கைடு, ஸ்பிண்டில் பியரிங் போன்றவை வந்துசேர வாரங்கள் ஆகும், சில நேரம் மாதங்கள். பி.ஓ.எம். முடியட்டும் என்று இவற்றுக்குக் காத்திருந்தால் டெலிவரி தேதி அன்றே போய்விட்டது. டிசைனர் அளவை முடிவு செய்த அன்றே, பட்டியலில் ஏறும் முன்பே, ஜாப் நம்பர் போட்டு நேரடி இண்டென்ட் எழுத அனுமதியுங்கள். பிறகு அதை பி.ஓ.எம்.மில் சேர்க்கும்போது ஏற்கெனவே வாங்கியதை மென்பொருள் கழித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தை டெமோவிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். இங்கே தவறினால் ஒரே மோட்டார் இரண்டாக வந்து நிற்கும்.

பணம் அதிகம் வீணாகும் இடம் டிராயிங் ரெவிஷன். ஃபிக்சர் பிளேட்டை ரெவிஷன் ஏ படி வெளியே மில்லிங்குக்கு அனுப்பியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். கஸ்டமர் காம்பொனென்ட்டில் ஒரு துளையை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்துகிறார். டிசைனர் ரெவிஷன் பி வெளியிடுகிறார், மெயில் போகிறது. ஆனால் ஜாப் ஒர்க் பட்டறையில் மெஷின் ஓட்டுபவர் கையில் இருப்பது எண்ணெய் படிந்த பழைய பிரிண்ட். பிளேட் திரும்பி வந்து அசெம்பிளியில் பொருந்தாதபோதுதான் விஷயம் தெரியும். இதைத் தடுக்க, டிராயிங் போட்டுச் செய்யும் பாகங்களுக்கு டிராயிங் நம்பரையே ஐட்டம் கோடாக வைத்து, பர்ச்சேஸ் ஆர்டரிலும் சலானிலும் ரெவிஷனை அச்சிட வேண்டும். புதிய ரெவிஷன் பதிவாகும் நொடியில், பழையது யார் யார் கையில் இருக்கிறது என்று மென்பொருள் ஒரு பட்டியல் தர வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்து ஒருவர் போன் செய்ய வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டியே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

அதே மாற்றத்துக்கு இன்னொரு முகம் உண்டு. துளை நகர்ந்ததற்கு யார் பணம் தருவது? விற்பனை ஆர்டரில் அதைக் கூடுதல் வரியாகச் சேர்த்து, தொகையும் தள்ளிப்போகும் நாட்களும் எழுதி, கஸ்டமரின் ஒப்புதலை அன்றே வாங்கிவிடுங்கள். டிஸ்பாட்ச் நேரத்தில் பேசினால் உறவுதான் கெடும்.

வெளியே போகும் பாகங்களைத் தேதியோடு பின்தொடர்வதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்கு வரியின்றி அனுப்பிய பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்கப்படும். சலான் வாரியாக நிலுவை காட்டும் அறிக்கை மாதம் ஒருமுறையாவது மேசைக்கு வரட்டும். அட்வான்ஸ் விஷயத்தில் சிக்கல் குறைவு. பொருளுக்காக வாங்கும் அட்வான்ஸுக்கு 2017 நவம்பர் 15 முதல் அந்த நேரத்தில் வரி கட்ட வேண்டியதில்லை, இன்வாய்ஸ் போடும்போது கட்டினால் போதும். சேவைக்கான அட்வான்ஸுக்கு இந்தச் சலுகை இல்லை. கமிஷனிங்கைத் தனி ஒப்பந்தமாகப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்டோர்ஸில் ஒரு ஜாப்புக்கென்று வாங்கியதை அந்த ஜாப்புக்கு ஒதுக்கி வைக்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். அவசரத்துக்கு அடுத்த மெஷினின் பியரிங்கை எடுத்து மாட்டுவது எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான். எடுங்கள், ஆனால் மாற்றிய பதிவு இருக்கட்டும்.

கடைசியாக அடக்க விலை. பொருளின் செலவு பில்லிலிருந்து தானே வந்துவிடும். மனித நேரம் அப்படி வராது. டிசைனர் எத்தனை நாள் உட்கார்ந்தார், ஃபிட்டர்கள் அலைன்மென்ட்டுக்கு எத்தனை ஷிப்ட் போராடினார்கள், டிரையல் எத்தனை முறை நடந்தது என்பதை ஜாப் நம்பரோடு எழுதாதவரை, அந்த மெஷினில் லாபமா நஷ்டமா என்பது ஊகம்தான். ஷாப் ஃப்ளோரில் ஒரு டேப்லெட் வைத்து, ஷிப்ட் முடியும்போது ஜாப் நம்பரையும் மணிக்கணக்கையும் மட்டும் போடச் சொன்னால் போதும். பத்துக் கட்டம் நிரப்பச் சொன்னால் ஒன்றும் வராது. இரண்டே கட்டம் என்றால் வரும். அடுத்த கொட்டேஷனுக்கு விலை போடுபவர் அந்தப் பழைய ஜாப்பைத் திறந்து, மதிப்பீட்டையும் நடந்த செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

தொடங்கும்போது, நடந்துகொண்டிருக்கும் ஆர்டர்களை உள்ளே ஏற்ற வேண்டாம். அவை பழைய தாளிலேயே முடியட்டும். அடுத்து வரும் புதிய பி.ஓ. ஒன்றை மட்டும் எடுத்து, இண்டென்ட்டிலிருந்து கமிஷனிங் வரை மென்பொருளிலேயே நடத்துங்கள். புரொடக்‌ஷன் ஷெட்யூலிங் மாட்யூலை வாங்குவதாக இருந்தால், அந்த மெஷின் கஸ்டமர் இடத்தில் ஓடத் தொடங்கிய பிறகு யோசிக்கலாம். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்ற உண்மையான கணக்கு அப்போதுதான் கையில் இருக்கும்.