பையன் வி.ஆர் ஹெட்செட் கேட்கிறானா? விலைக்கு முன்பு பார்க்கவேண்டிய ஒன்று இருக்கிறது!

"சித்தப்பா டிசம்பர்ல ஊருக்கு வர்றாராம். பையனுக்கு அந்தக் கண்ணுல மாட்டுற கம்ப்யூட்டரை வாங்கிட்டு வரட்டுமான்னு கேக்குறாரு. நீதான் இதைப் பத்தியெல்லாம் எழுதுறியே... வாங்கலாமா, வேண்டாமாடி?"

ஈரோட்டிலிருந்து அக்கா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது. அடுத்த நிமிடமே அதே நம்பரிலிருந்து இன்னொன்று வந்தது. அது அக்கா மகன். 11 வயது. "சித்தி, ப்ளீஸ் சித்தி, ஓகேன்னு மட்டும் சொல்லிடு!" அம்மா போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போன நேரத்தில் ரகசியமாகப் பேசியிருக்கிறான் என்பது குரலிலேயே தெரிந்தது.

உடனே பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். படித்தேன், விசாரித்தேன், ஒரு ஹெட்செட்டை மாட்டியும் பார்த்தேன். இதே கேள்வி இப்போது பல வீடுகளில் எழுந்திருப்பதால், அக்காவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எது அந்த ஹெட்செட்?

முன்பெல்லாம் வி.ஆர் என்றால் இரண்டு வகைதான். ஒன்று, விலை உயர்ந்த கம்ப்யூட்டரோடு கேபிளால் கட்டிப்போட்ட ஹெட்செட். இன்னொன்று, போனையே செருகிப் பார்க்கும் பெட்டி. கூகுள் 2014-ல் அட்டையில் செய்த கார்ட்போர்டு, 2023-ல் ஐ.பி.எல் சமயத்தில் 1,299 ரூபாய்க்கு வந்த ஜியோடைவ் எல்லாம் இந்த இரண்டாவது ரகம்.

சித்தப்பா வாங்கி வருவதாகச் சொன்னது மூன்றாவது ரகம். புராசஸர், பேட்டரி, கேமராக்கள், ஸ்பீக்கர் எல்லாம் உள்ளேயே இருக்கும். கேபிள் இல்லை, கம்ப்யூட்டர் வேண்டாம். தலையில் மாட்டினால் போதும். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3எஸ் இந்த ரகத்தில் பிரபலமானது. 2024 அக்டோபரில் அமெரிக்காவில் 299 டாலர் விலையில் அறிமுகமானது. ஆப்பிளின் விஷன் ப்ரோ 3,499 டாலருக்கும், சாம்சங்கின் கேலக்ஸி எக்ஸ்.ஆர் 1,799 டாலருக்கும் வந்தன. ஆக, சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு எட்டுகிற உயரத்தில் இருப்பது குவெஸ்ட்தான். அதனால்தான் இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அதைச் சுற்றியே போகிறது.

வேளச்சேரியில் இருக்கும் தோழி ஒருத்தி குவெஸ்ட் வைத்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மாட்டியதும் முதலில் தெரிந்தது விளையாட்டு இல்லை, அவள் வீட்டு ஹால்தான். முகப்பில் இருக்கும் கேமராக்கள் வழியாக சோபா, டீப்பாய், கொடியில் காயும் துண்டு எல்லாம் தெரிகின்றன. தரை எங்கே இருக்கிறது என்று கருவி தானாகக் கண்டுபிடிக்கிறது. எதுவரை நகரலாம் என்று எல்லை போட்டுக்கொள்கிறது. அறையைச் சுற்றிப் பார்க்கச் சொல்லி, சுவர்களையும் மேஜையையும் அளந்துகொள்கிறது.

பிறகு பீட் சேபர் ஆடினேன். இசைக்கு ஏற்ப பறந்து வரும் கட்டைகளை இரண்டு கையிலும் ஒளிவாள் பிடித்து வெட்டவேண்டும். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டிவிட்டது. ஜிம்முக்குக் கட்டிய பணம் ஞாபகத்துக்கு வந்தது. பொய் சொல்வானேன், எனக்கே ஒன்று வாங்கலாமா என்று தோன்றியது.

லேப்டாப் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவைக்கும் ஆள் நான். இதில் அந்தக் கதையே நடக்காது. கேமராவை மூடினால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கருவிக்குத் தெரியாது. சுவரில் போய் முட்டிக்கொள்வீர்கள். உங்களையும் உங்கள் அறையையும் பார்த்தால்தான் இது வேலையே செய்யும்.

கொடுத்த வாக்கு என்ன ஆனது?

குவெஸ்ட்டின் பூர்வீகம் ஆக்குலஸ் என்ற சிறு நிறுவனம். 2014-ல் சுமார் 200 கோடி டாலர் கொடுத்து அதை ஃபேஸ்புக் வாங்கியது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் கம்பெனி எதற்கு ஹெட்செட் வாங்குகிறது என்று அப்போதே ரசிகர்கள் கொதித்தார்கள். ஆக்குலஸை நிறுவிய பால்மர் லக்கி, ஹெட்செட்டைப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் ஃபேஸ்புக் கணக்கில் நுழையவேண்டிய நிலை வராது என்று அவர்களுக்கு உறுதி சொன்னார். 2017-ல் அவர் நிறுவனத்தை விட்டே வெளியேறிவிட்டார்.

2020 அக்டோபரில் குவெஸ்ட் 2 வந்தபோது ஃபேஸ்புக் கணக்கு கட்டாயம் என்றார்கள். ஃபேஸ்புக் கணக்கு முடக்கப்பட்ட சிலருக்கு, காசு கொடுத்து வாங்கிய ஹெட்செட் வெறும் பிளாஸ்டிக் டப்பாவாக நின்றது. ஜெர்மனியில் இது பெரிய விவகாரமானது. அங்கே விற்பனையே நிறுத்திவைக்கப்பட்டது. 2020 டிசம்பரில் அந்நாட்டுப் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் விசாரணை தொடங்கியது. கடைசியில், 2022 ஆகஸ்ட்டில் 'மெட்டா கணக்கு' என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இப்போது வெறும் இமெயில் முகவரி இருந்தால் போதும், ஃபேஸ்புக் வேண்டாம்.

பழைய கதை எதற்கு என்று கேட்கலாம். வாங்கும் நாளில் இருக்கும் விதி, இரண்டு வருடம் கழித்தும் இருக்கும் என்று நம்பமுடியாது என்பதற்காகச் சொல்கிறேன். விதிகள் நம் பக்கம் திரும்பியதும் தானாக நடக்கவில்லை. ஒரு நாட்டு அரசாங்க அமைப்பு கேள்வி கேட்ட பிறகு நடந்தது.

உங்கள் கையசைவே கைரேகை

இரண்டு வாரத்தில் நான் படித்ததில் என்னை உட்காரவைத்த விஷயம் இதுதான். நாம் எல்லோரும் பயப்படுவது கேமராவுக்கு. ஆனால், நம்மைக் காட்டிக்கொடுக்கக்கூடியது அசைவு.

ஹெட்செட் நம் தலையும் இரண்டு கைகளும் எங்கே இருக்கின்றன என்பதை ஒரு நொடிக்குப் பல பத்து முறை குறித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2018-ல் போட்ட கணக்குப்படி, வி.ஆருக்குள் 20 நிமிடம் இருந்தால் நம் உடல்மொழி பற்றி ஏறக்குறைய 20 லட்சம் பதிவுகள் சேர்ந்துவிடும். 2020-ல் அவரது குழு 511 பேரிடம் சோதனை செய்தது. எல்லோரும் வி.ஆரில் வீடியோ பார்த்தார்கள், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுப் பதிவை வைத்தே, யார் யார் என்று 95 சதவிகிதம் சரியாகச் சொல்லிவிட்டது கம்ப்யூட்டர்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் இன்னும் பெரிதாகச் செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது, நான் வேளச்சேரியில் வியர்க்க வியர்க்க ஆடினேனே, அதே பீட் சேபர்தான். பொதுவில் கிடைத்த 55 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் பதிவுகள். பெயர் கிடையாது, முகம் கிடையாது, குரல் கிடையாது. தலையும் கைகளும் அசைந்த விதம் மட்டும். 100 நொடிப் பதிவைக் கொடுத்தால், அத்தனை பேரில் அது யார் என்று 94 சதிவிகிதத்துக்கும் மேல் சரியாகக் கண்டுபிடித்தது. வெறும் 10 நொடி கொடுத்தாலும் 73 சதவிகிதம்!

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சர்யம் இல்லை. தெருமுனையில் வரும்போதே நடையை வைத்து, "அது உங்க மாமா மாதிரி இருக்கே" என்று பாட்டிகள் சொல்வதில்லையா? அதையே கம்ப்யூட்டர் 55 ஆயிரம் பேர் கூட்டத்தில் செய்கிறது. பாஸ்வேர்டு திருட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாம். கை வீசும் விதத்தை எப்படி மாற்றுவது?

அதே பெர்க்லி ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். சாதாரணப் புதிர் விளையாட்டு போலத் தோன்றும் ஒரு வி.ஆர் கேமைத் தாங்களே உருவாக்கி, 30 பேரை ஆடவைத்தார்கள். ஆடியவர்களுக்கு அது புதிர். பின்னால் நடந்ததோ அளவெடுப்பு. உயரம், கை நீளம், அனிச்சை வேகம், அறையின் அளவு என்று 25-க்கும் மேற்பட்ட தனிப்பட்ட விவரங்களைச் சில நிமிடங்களில் ஊகிக்க முடிந்தது. இவற்றில் எதையும் யாரும் படிவத்தில் நிரப்பவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். இவை எல்லாம் 'முடியும்' என்று நிரூபித்த ஆய்வுகள். இந்தக் கம்பெனி இப்படிச் செய்து உங்களை வேவு பார்க்கிறது என்று அவை சொல்லவில்லை. அறையைக் காட்டும் கேமரா காட்சிகள் கருவிக்குள்ளேயே கையாளப்படுகின்றன என்கிறது மெட்டா. ஆனால், நம் அசைவுகள், சுற்றுப்புறம், அளவுகள் பற்றிய தகவல்கள் தங்களுக்கு வரும் என்று அவர்களின் தனியுரிமைக் கொள்கையிலேயே எழுதியும் இருக்கிறது. மற்ற நிறுவனங்களின் ஆப்களும், நீங்கள் அனுமதி கொடுத்தால், கேமரா காட்சியைப் பெறலாம் என்று 2025-ல் வழி திறந்துவிட்டார்கள். "அலோ" பட்டனை யோசிக்காமல் அழுத்தும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. உங்கள் போனில் டார்ச் ஆப்பே கான்டாக்ட் லிஸ்ட்டைக் கேட்டதும் கொடுத்ததும் நினைவிருக்கிறதா?

கண் விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஷன் ப்ரோ, கேலக்ஸி எக்ஸ்.ஆர் போன்றவை கருவிழி எங்கே போகிறது என்றும் கண்காணிக்கின்றன. எந்தப் பொருளை எத்தனை நொடி பார்த்தோம் என்பது விளம்பரக்காரர்களுக்குத் தங்கம் மாதிரி. பார்வை போகும் இடத்தை ஆப்களுக்குத் தருவதில்லை, தேர்வு செய்ததை மட்டுமே தெரிவிக்கிறோம் என்கிறது ஆப்பிள். குவெஸ்ட் 3, 3எஸ் இரண்டிலும் கண்ணைக் கண்காணிக்கும் வசதியே கிடையாது. விலை குறைந்த கருவியில் ஒரு வசதி இல்லாதது இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நிம்மதி.

11 வயதுக்கு என்ன சட்டம்?

குவெஸ்ட்டில் முன்பு குறைந்தபட்ச வயது 13. 2023-ல் அதை 10 ஆகக் குறைத்தார்கள். 10 முதல் 12 வயது வரை பெற்றோர் உருவாக்கி நிர்வகிக்கும் கணக்கு வேண்டும். எந்த ஆப் வேண்டும் என்பதைப் பெற்றோர்தான் அனுமதிக்கவேண்டும்.

நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இன்னும் கறாரானது. 18 வயது நிறையாத எல்லோரும் அதன்படி குழந்தைகள்தான். அவர்களின் தகவலைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும். குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், 2025 நவம்பரில்தான் விதிகளே அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை வீட்டில் காவல்காரர் அக்காதான்.

இதை எல்லாம் போனில் சொல்லி முடித்தபோது அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்போ வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பையன் ஏற்கெனவே அவள் போனில் தினமும் ஒரு மணி நேரம் ரீல்ஸ் பார்க்கிறான். அதற்கு யாரும் இரண்டு வாரம் யோசிக்கவில்லை. குதித்து ஆடும் விளையாட்டு அதைவிட மேல் என்பது என் கட்சி. ஆனால், எப்படி வாங்குவது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

கணக்கு அக்கா பெயரில், புதிதாக ஓர் இமெயிலில். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எதனோடும் இணைக்கக்கூடாது. பையனுக்கு அதன் கீழ் பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கு, உண்மையான வயதோடு. (13 என்று பொய் சொல்லித் தொடங்கினால் குழந்தைகளுக்கான பாதுகாப்பு எதுவும் வேலை செய்யாது. இதைச் செய்யாத வீடு குறைவு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.) வெளியே தெரியும் பெயரில் ஊரோ, பள்ளியோ, பிறந்த வருடமோ இருக்கக்கூடாது. கூடுதல் தகவலைப் பகிர்வது பற்றி செட்டிங்ஸில் கேட்கும் எல்லாவற்றுக்கும் 'இல்லை'. கேமரா அல்லது அறை விவரத்தை ஒரு கேம் கேட்டால், எதற்கு என்று புரியாதவரை 'இல்லை'. முகம் தெரியாதவர்களோடு பேசும் ஆப்கள் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். குரலும் அசைவும் ஒன்றாக வெளியே போவது அங்கேதான். இலவசம் என்று கண்ட கேமையும் இறக்குவதைவிட, காசு கொடுத்து இரண்டு நல்ல கேம் வாங்குவது மேல்.

ஹெட்செட்டின் இடம் ஹால். படுக்கையறைக்குப் போகாது. தனியுரிமைக்காக மட்டுமல்ல, மாட்டியிருக்கும்போது எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாமல் கை வீசுவான். வீட்டில் அவனுடைய அப்பத்தா இருக்கிறார். கண்ணாடி போடுபவனா, தலைசுற்றல் வருகிறதா என்பதை எல்லாம் முதல் வாரம் பத்துப் பத்து நிமிடமாக ஆடவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் வாங்கியதற்கு இங்கே வாரன்டி செல்லுமா என்று மட்டும் சித்தப்பாவைக் கடையில் கேட்கச் சொன்னேன்.

அப்பத்தாவுக்கும் விஷயம் போயிருக்கிறது. "என்னைய அது போட்டோ புடிக்குமா?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. அந்த வீட்டில் ஹெட்செட் வேண்டும் என்று கேட்காத ஆள் அவர் ஒருவர்தான், அவரும்தான் கேமராவில் தெரியப் போகிறார். அறையை அளக்கும்போது அவர் ஹாலில் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பாவின் மெசேஜ்: "128 ஜிபி போதுமா, 256 வேணுமா?" அக்கா பதில் போடுவதற்குள் அவள் நம்பரிலிருந்தே பதில் போய்விட்டது. "256 தாத்தா!"

அக்காவிடம் முதலில் போன் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.