கோட்டிலிருந்து வண்ணத்திற்கு: ஓவியர் ஆதிமூலத்தின் பயணம்

கோலார் தங்கவயலுக்குப் புதிதாக வருவோர் முதலில் வினவுவது, "அந்த மேடுகள் என்ன?" என்பதே. பாறையை அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய மணலே அம்மேடுகள். 1880 முதல் 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்படும் வரை, 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து நம் முன்னோர் வெட்டியனுப்பிய பாறையின் எச்சம் அது. காற்றில் அதன் தூசி பறந்து வீடுகளுக்குள் புகுவதை நாம் அறிவோம். ஆயினும் மாலை வெயிலில் அம்மேட்டைப் பெயரின்றிப் பார்த்தால், வெளிர் மஞ்சளும் சாம்பலும் அடுக்கடுக்காய்ப் படிந்திருப்பதும், மழைநீர் அரித்த கோடுகள் அவற்றை ஊடறுப்பதும் தெரியும். அப்பொழுது நாம் காண்பது பொருளை அன்று. நிறத்தையும் வடிவையும் மட்டுமே. அரூப ஓவியத்தின் வாயில் அங்கேதான் திறக்கிறது.

அவ்வாயிலைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்தவர்களுள் முதன்மையானவர் கே. எம். ஆதிமூலம். 1938-இல் துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்தவர். சிற்பி எஸ். தனபாலின் வழிகாட்டுதலால் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1850-இல் தொடங்கப்பட்ட அப்பள்ளிக்கு அப்போது கே. சி. எஸ். பணிக்கர் முதல்வர். மேற்கத்திய பாணியை அப்படியே பின்பற்றாமல், நம் மண்ணுக்குரிய நவீனத்தைத் தேடிய காலம் அது. கோயிற் சிற்பத்திலும் நாட்டார் கலையிலும் உயிர்ப்புடன் இயங்கிய கோடே சென்னை ஓவியர் பலருக்கு அடித்தளமாயிற்று.

ஆதிமூலத்தின் கோடும் அவ்வழி வந்ததே. 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்கள் பெரும் பெயர் ஈட்டின. சிறுபத்திரிகைகளின் பக்கங்களிலும் நூல்களின் அட்டைகளிலும் அவருடைய கோடும் எழுத்துருவும் இடம்பெற்றன. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடருக்கு அவர் வரைந்த படங்களை அந்நாளைய வாசகர் இன்றும் நினைவுகூர்வர்.

இவ்வளவு புகழ் தந்த கோட்டையே போதுமென்று அவர் நின்றிருக்கலாம். நின்றாரில்லை. எழுபதுகளில் எண்ணெய் வண்ணத்தைக் கையிலெடுத்து, உருவம் ஏதுமற்ற திரைகளைத் தீட்டத் தலைப்பட்டார். காந்தியின் முகத்தைக் கண்டு வியந்தவர்கள், "இது என்ன படம்?" என்று கேட்கும் நிலைக்குத் தம்மை உட்படுத்திக்கொண்டார். கைவந்த தொழிலின் உறுதியான வரவை விட்டு அறியாததில் முதலிடுவதன் அச்சத்தை, கணக்கேடுகளோடு பழகிய நாம் நன்கு உணரக்கூடும். ஆயினும் அவர் கோட்டைக் கைவிடவுமில்லை. அச்சுக்குக் கோடு, திரைக்கு வண்ணம் என இரு பேரேடுகளையும் இறுதிவரை பேணினார். 2008 சனவரியில் அவர் மறைந்தார்.

எண்ணெய் வண்ணம் பொறுமையைக் கேட்கும் ஊடகம். தூரிகையோடு கத்தியாலும் வண்ணத்தை அப்பி, இழைத்து, சுரண்டி மேற்செல்வர். அடியிலுள்ள படலம் உலர நாட்கள் பல ஆகும். மேற்படலத்தில் எண்ணெய் சற்று மிகுந்திருத்தல் வேண்டும். இன்றேல் அடி உலரும்முன் மேல் உலர்ந்து வெடிப்பு விழும். ஆகவே ஓவியக்கூடத்தில் ஒரு திரை காத்திருக்க, மற்றொன்று வளரும். ஆதிமூலத்தின் திரைகளில் இவ்வாறு திரண்ட வண்ணம் நிலமாகவும் வானாகவும் வெளியாகவும் நமக்குத் தோன்றும். எனினும் எதையும் அவர் வரைந்து காட்டுவதில்லை.

பொருளற்ற படத்தை எங்ஙனம் சுவைப்பது? இராக ஆலாபனையில் சொல் இல்லை. ஆயினும் நாம் உருகுகிறோம். ஓவியர் காண்டின்ஸ்கி 1911-இல் வெளியிட்ட நூலில் வண்ணத்தை இசையோடு ஒப்பிட்டு விளக்கினார். நமக்கு அது புதிதன்று. வாசலில் இடும் புள்ளிக்கோலமும் பெரும்பாலும் எதனையும் சித்திரிப்பதில்லை.

மாரிக்குப்பத்திலிருந்து நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலில் செல்வோர் நம்மில் பலர். ஒரு விடுமுறை நாளில் அரண்மனைச் சாலையிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்திற்குக் குழந்தைகளோடு சென்று வரலாம். ஒரு படத்தின் முன் ஐந்து நிமிடம் நின்று, பெயர்ப்பலகையைப் படிக்குமுன் நிறத்தைப் பாருங்கள். ஊர் திரும்பும் மாலையில் நம் மணல்மேடுகளும் வேறுவிதமாகத் தெரியக்கூடும்.