மழையில் வைப்பர் நின்றுவிட்டால்...

கார்த்திகை மாதத்து ஒரு பின்னேரம். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், பாடசாலை விட்டு வந்த மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு ஓட்டோ வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் எமது மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு சகோதரி. 2009ஆம் ஆண்டு யுத்தத்தின் இறுதி நாட்களில் கணவனை இழந்தவர். லீசிங்கில் எடுத்த அந்த ஓட்டோதான் அவரது வீட்டு அடுப்பை எரிய வைக்கின்றது.

திடீரென மழை கொட்டத் தொடங்கியது. முன்கண்ணாடியில் வைப்பர் இரண்டு தரம் அசைந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது. எதிரே வருவது லொறியா, மாடா என்று தெரியவில்லை. அவர் பதறாமல் வண்டியை வீதியோரம் நிறுத்தி, மழை ஓயும்வரை பிள்ளைகளுடன் காத்திருந்தார். பிள்ளைகள் பத்திரமாக வீடு சேர்ந்தார்கள். ஆனாலும், "இனி உங்களை நம்பிப் பிள்ளையை எப்பிடி அனுப்புறது?" என்று ஒரு தாய் கேட்டுவிட்டார். மூன்று பிள்ளைகளின் மாத வாடகை போய்விட்டால் தவணை கட்ட வழியில்லை.

மறுநாள் நகரிலுள்ள ஒரு கராஜுக்கு அவருடன் நானும் போனேன். "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ? அவையளை வரச் சொல்லுங்கோ, கதைப்பம்" என்பதுதான் அங்கு கேட்ட முதல் வார்த்தை. அந்தச் சகோதரி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, வண்டியைத் தொட்டும் பாராமல், "மோட்டர் பழுது, புதுசு போடவேணும்" என்றார்கள். சொன்ன தொகை ஏறக்குறைய ஒரு மாதத் தவணைக்குச் சமம். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், பால்நிலை அடிப்படையிலான வேலைப்பிரிப்புப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அது என்னவென்று அந்தக் கராஜ் வாசலில்தான் எனக்கு விளங்கியது.

திரும்பி வந்ததும், பஸ் டிப்போவில் வேலை செய்து ஓய்வுபெற்ற அயல்வீட்டு ஐயாவிடம் விடயத்தைச் சொன்னோம். "அவசரப்படாதை பிள்ளை, முதல் பியூஸைப் பார்" என்றார். பார்த்தோம். உள்ளே இருந்த மெல்லிய கம்பி எரிந்திருந்தது. புதியதைப் போட்டதும் வைப்பர் ஆடியது. ஆனால் இரண்டு நாளில் மீண்டும் எரிந்தது. "பியூஸ் எரியிறது காய்ச்சல் மாதிரி. வருத்தம் வேறை எங்கையோ இருக்கு. வயரைப் பிடிச்சுக்கொண்டு போ" என்றார் ஐயா. அந்தச் சகோதரியே வயரைத் தடவிக்கொண்டு போனார். இரும்பில் உரசி ஓரிடத்தில் தோல் கழன்றிருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அந்த இடத்தில் இன்சுலேசன் ரேப் சுற்றி, இரும்பில் படாமல் கட்டிவிட்டார். செலவு ஒரு ரேப் சுருளும் இரண்டு பியூஸும் மட்டுமே.

இதன் பின்னர் ஐயாவை எமது குழுக் கூட்டத்துக்கு அழைத்துப் பாடம் கேட்டோம். ஓட்டோ, கார், வான் எதுவானாலும் பொருந்தும் அந்தக் குறிப்புகளை உங்களுக்கும் தருகிறேன்.

வைப்பர் ஆடுகிறது, ஆனால் கண்ணாடி துடைபடவில்லை: இறப்பர் பட்டி வெயிலில் காய்ந்திருக்கலாம், புழுதி படிந்திருக்கலாம். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் பட்டியையும் கண்ணாடியையும் துடையுங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல் பூசவேண்டாம். அவை இறப்பரைக் கெடுத்துவிடும். பட்டி வெடித்தோ விறைத்தோ போயிருந்தால் புதிதாகப் போடுங்கள்.

மோட்டர் சத்தம் கேட்கிறது, கை அசையவில்லை: வைப்பர் கையின் அடியிலுள்ள நட் தளர்ந்திருக்கும், அல்லது உள்ளே மோட்டரையும் கையையும் இணைக்கும் பகுதி கழன்றிருக்கும். நட்டை நீங்களே இறுக்கலாம்.

சத்தமே இல்லை: முதலில் பியூஸ். வைப்பருடன் வேறொரு மின்சாதனமும் சேர்ந்து நின்றிருந்தால் அனேகமாக அதுதான் காரணம். அதில் எழுதியிருக்கும் அதே அம்பியர் அளவுள்ள பியூஸையே போடுங்கள். சிகரட் பெட்டித் தாளையோ செப்புக் கம்பியையோ சுற்றிப் போட்டால் வயர் சூடாகி வண்டியே தீப்பற்றக்கூடும்.

பியூஸ் நன்றாக இருந்தும் ஆடவில்லை: இரண்டு வயர் பொருத்திய 12 வோல்ற் பல்ப் ஒன்று போதும். திறப்பையும் வைப்பர் சுவிச்சையும் போட்டுவிட்டு, பல்பின் ஒரு வயரை மோட்டருக்கு மின் வரும் வயரின் முனையிலும், மற்றதை வண்டியின் துருவற்ற இரும்பிலும் வையுங்கள். பல்ப் எரியாவிட்டால் சுவிச்சில் அல்லது இடையிலுள்ள வயரில் பிழை. எரிந்தால் மின் வருகிறது. அப்போது மோட்டரின் ஏர்த் வயர் துருப்பிடித்துள்ளதா என்று பார்த்துச் சுரண்டிப் பூட்டுங்கள். அதன் பிறகும் ஆடாவிட்டால் மட்டுமே மோட்டரைச் சந்தேகிக்கலாம்.

மெதுவாக ஆடுகிறது: பற்றரி பலவீனமாக இருக்கலாம், அல்லது கை திரும்பும் அச்சு துருப்பிடித்திருக்கலாம். அச்சுக்கு ஓரிரு சொட்டு எண்ணெய் விடுங்கள், இறப்பரில் படவிடாதீர்கள். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓடவிடுவதும் மோட்டருக்குச் சுமைதான்.

ஓடும்போது நின்றுவிட்டால் வேகத்தைக் குறைத்து, சிக்னல் போட்டு, வீதியை விட்டு இறக்கி நிறுத்துங்கள். தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டவேண்டாம்.

இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். இந்த வைப்பருக்கான ஆரம்பகாலக் காப்புரிமைகளில் ஒன்றைப் பெற்றவர் ஒரு பெண். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி அன்டர்சன், குளிர்காலத்தில் நியூயோர்க் நகரில் ட்ராம் வண்டியில் போனபோது, வெளியே தெரிவதற்காகச் சாரதி பனிக்குளிரில் கண்ணாடியைத் திறந்து வைத்து ஓட்டியதைக் கண்டார். உள்ளிருந்தே கையால் இயக்கும் துடைப்பான் ஒன்றை வடிவமைத்து, 1903ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி அதற்குக் காப்புரிமை பெற்றார். 1905இல் கனேடிய நிறுவனம் ஒன்று, இதற்கு வியாபாரப் பெறுமதி இல்லை என்று கைவிரித்தது. அதனால் அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. 1917இல் மின்சாரத்தில் இயங்கும் வைப்பருக்குக் காப்புரிமை பெற்ற சார்லட் பிரிட்ஜ்வுட்டும் ஒரு பெண்ணே. "இது ஆம்பிளையளின்ர வேலை" என்று இனி யாராவது சொன்னால், இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பழுதையும் நாமே திருத்த முடியாது. கராஜுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் "பியூஸ் பார்த்தேன், ஏர்த் பார்த்தேன், பல்ப் எரியுது" என்று சொல்லிக்கொண்டு போகிறவரிடம், திறந்து பாராமல் விலை சொல்ல எவருக்கும் துணிவு வராது.

அந்தச் சகோதரியின் ஓட்டோவில் இப்போது ஒரு பழைய பால்மா ரின் இருக்கிறது. அதற்குள் நான்கு பியூஸ், ஒரு ரேப், ஒரு ஸ்குறூ டிறைவர், ஒரு பல்ப். கேள்வி கேட்ட தாயிடம் ரின்னைத் திறந்து காட்டி, நடந்ததை அவரே விளக்கினார். அந்தப் பிள்ளை இன்றும் அவருடைய ஓட்டோவில்தான் பாடசாலைக்குப் போகிறது.

மாரி தொடங்குமுன் நீங்களும் ஒரு ரின்னைத் தயார் செய்துகொள்ளுங்கள்.