உங்களுக்குத் தெரியுமா? வேலிக் கணக்கில் நிலம், படிக் கணக்கில் கூலி

தில்லையாடி வள்ளியம்மை தில்லையாடியில் பிறந்தவர் அல்லர். தரங்கம்பாடிக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊர் அவருடைய பெற்றோர் வழி ஊர். அவர் பிறந்தது 1898-இல், ஜோகன்னஸ்பர்க்கில். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது என்று 1913-இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளிக்க, அங்கிருந்த நம் பெண்கள் ஒரே நாளில் ‘மனைவி அல்லாதவர்’ ஆகிப்போனார்கள். கல்யாணமே ஆகாத இந்தப் பதினைந்து வயதுப் பெண் அவர்களுக்காகவும் சேர்த்துப் போராடிச் சிறைக்குப் போனார். காய்ச்சலோடு வெளியே வந்தவர் 1914 பிப்ரவரி 22-இல் இறந்தார். அந்தத் திருமணங்களை ஏற்றுக்கொண்ட சட்டம் சில மாதம் கழித்துத்தான் வந்தது. எழும்பூர் கோ-ஆப்டெக்ஸில் புடவை எடுக்கப் போனால் கட்டடத்தின் பெயரைப் பாருங்கள்.

★

1930-இல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தின்போது, வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, தன் முன் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கிவிட்டார். மீதியை முடிக்கச் சொல்லியும் மறுத்துச் சிறைக்குப் போனார். ஊரில் அவருக்கு நினைவுத்தூண் உண்டு. அந்தக் காலத்துக் கிராமங்களில் அதே சவரக்கத்தி சேரிக்காரர்களுக்கும் மறுக்கப்பட்டது. அது ஊர்க் கட்டுப்பாடு. வைரப்பன் மறுத்தது சொந்த முடிவு.

★

தஞ்சைப் பெரிய கோயில் எல்லோருக்கும் திறந்தது 1939-இல், மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்த அதே ஆண்டில். கட்டி முடித்து ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

★

பண்ணையாளைச் சவுக்கால் அடிக்கக் கூடாது, சாணிப்பால் குடிக்க வைக்கக் கூடாது. இதை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது, அதுவும் 1944-இல், மன்னார்குடி வட்டாரத்தில். மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைப்பதுதான் சாணிப்பால். நேரம் கழித்து வயலுக்கு வந்தாலே போதும், அந்தத் தண்டனை காத்திருக்கும். வெள்ளைக்காரன் ஜோகன்னஸ்பர்க்கில் செய்தால் நிறவெறி என்றோம், நம் களத்துமேட்டில் நடந்ததற்கு ‘வழக்கம்’ என்று பெயர் வைத்திருந்தோம். பண்ணையாட்களைத் திரட்டி அந்த ஒப்பந்தத்துக்கு மிராசுதார்களை இழுத்து வந்த பி. சீனிவாச ராவ் கர்நாடகத்துக்காரர். அவர் நினைவிடம் இருப்பது திருத்துறைப்பூண்டியில்.

★

தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு மேல், நிலம் வைத்திருப்பவர் பண்ணையாளை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்றது. மிராசுதார்கள் சும்மா இருப்பார்களா? பலர் பண்ணையாள் என்ற சொல்லையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, அதே ஆட்களைத் தினக்கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். சட்டம் பாதுகாக்க வேண்டிய ஆள் ஏட்டிலேயே இல்லை!

★

கூலி நெல்லில் கொஞ்சம் கூடக் கேட்டதுதான் கீழ்வெண்மணியில் தகராறு. 1968 டிசம்பர் 25 இரவு, அடிக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒண்டியவர்களோடு அந்தக் குடிசை கொளுத்தப்பட்டது. செத்தவர்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலக்கிழார்களைத் தண்டித்தது. சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு நிலபுலம் உள்ளவர்கள், அதிலும் ஒருவர் கார் வைத்திருப்பவர், தாங்களே நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லையாம். குடியரசாகிப் பதினெட்டு ஆண்டு கழித்து நடந்தது இது. எத்தனையோ பாடப்புத்தகம் படித்தேன், ஒன்றில்கூட இதைப் பார்த்த நினைவில்லை.

★

அந்தத் தீயின் புகை சென்னை வரை போனது. கூலித் தகராறுகளை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதைவிடப் பெரியது என்று நான் நினைப்பது 1971-இன் குடியிருப்புச் சட்டம். அதற்கு முன் குடிசை போட்ட மண்ணும் மிராசுதாருடையதுதான். காலையில் கூலி கேட்டு வாய் திறந்தவன் சாயங்காலம் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். மனை தனக்கென்று ஆன பிறகுதான் பேரம் பேச ஒருவனுக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்தது.

★

வெண்மணிச் செய்தி கேட்டுக் கீழத்தஞ்சைக்கு வந்தவர்களில் ஒருவர் கிருஷ்ணம்மாள். நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் ஜெகந்நாதனோடு 1981-இல் ‘லாப்டி’ அமைப்பைத் தொடங்கினார். நிலமற்றவர்களுக்குக் கொடுப்பதற்காக நிலத்தைப் பறிக்கவில்லை, பேரம் பேசி விலைக்கு வாங்கினார்கள், அதற்கு வங்கிக் கடனும் வாங்கினார்கள். பத்திரம் எழுதியது பெண்கள் பெயரில். ஆம்பிளை பெயரில் எழுதினால் நிலம் எந்த வழியாகப் போகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன! 2020-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது.

★

கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயர், 2022-இல் பதவியேற்ற க. சரவணன், ஆட்டோ ஓட்டுநர். பதவியேற்கவும் தன் ஆட்டோவிலேயேதான் வந்தார்.